இணைப்பு மூன்றிலிருந்து ஒரு பெயரை நீக்கக் கோருதல்

அனுப்புநர்
உதவிப் பேராசிரியர்,
சமூகப்பணித் துறை,
கலை அறிவியல் கல்லூரி.

பெறுநர்
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
போதைப்பொருள் தடுப்பு அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: எங்கள் கல்லூரி அனுப்பிய களப்பணி அறிக்கையின் இணைப்பு மூன்றில் தவறாகச் சேர்ந்த பத்தொன்பது பெயர்களுள், முதல் பெயரை மட்டுமாவது வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் நீக்கித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு (மூன்றாம் நபர் மனு எனத் திருப்பி அனுப்பப்பட்டது).
2. எனது இரண்டாம் மனு (கல்லூரி முதல்வரின் விளக்கத்துக்கு அனுப்பப்பட்டது).
3. எனது மூன்றாம் மனு (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய தலைமை அலுவலர் ஐயா அவர்களுக்கு,

1. வணக்கம். இதே பொருளில் நான் தரும் நான்காவது மனு இது. முந்தைய மூன்றும் தங்கள் மேசைக்கு வந்தனவா என்பது எனக்குத் தெரியாது. வந்திருந்தால், மறுபடியும் தொல்லை தருவதற்குப் பொறுத்தருளவும். வரவில்லையென்றால், இதையாவது கடைசி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மனு நீளம்தான். சுருக்கமாக எழுதிய மூன்றினால் ஒன்றும் நடக்கவில்லை.

2. இம்மனுவில் எவருடைய பெயரையும் நான் எழுதவில்லை. பெயர் எழுதியதால் வந்த வினைதான் இவ்வளவும். சம்பந்தப்பட்ட இளைஞரைத் தெருவில் எல்லோரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவருடைய சொந்தப் பெயர் தங்கள் கோப்பில் வரிசை எண் ஒன்றில் இருக்கிறது. வயது இருபத்துநான்கு. இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். தாயார் தையல் வேலை செய்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

3. நான் இக்கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு 'சமூகம் சார்ந்த போதைத் தடுப்பு' என்ற பாடத்தை நடத்துகிறேன். பாடத்தின் சாரம் எளிது. போதையில் விழுந்தவரைத் தனியாகத் தூக்கி நிறுத்த மருத்துவரால் மட்டும் முடியாது, சட்டத்தால் மட்டும் முடியாது. அவர் வாழும் தெரு கைகொடுக்க வேண்டும். இதை நான் பத்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், தேர்வில் எழுதினார்கள், மறந்தார்கள். யாருக்கும் எந்தக் கெடுதலும் நேரவில்லை. பதினோராவது ஆண்டில்தான் இதை நிஜமாகவே செய்து பார்க்கலாம் என்று எனக்குப் புத்தி போயிற்று.

4. சென்ற ஜூன் மாதம் இருபத்திரண்டு மாணவர்கள், இரண்டிரண்டு பேராக, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள தெருவுக்குக் களப்பணிக்குச் சென்றார்கள். முதல் மூன்று வாரம் தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சலூன் கடைக்காரர் மட்டும் பேசினார். அவர் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார், கேட்டதைத் தவிர. நான்காவது வாரம் தையற்காரம்மா ஒரு மாணவியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், தம் மகனைப் பற்றிச் சொன்னார். பட்டறையில் வண்டி சரிந்து விழுந்து மகனின் மணிக்கட்டு முறிந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கட்டுப் பிரித்தும் மாத்திரை நிற்கவில்லை. இரண்டு வருடம். "மாத்திரைதானேன்னு நானே தண்ணி மோந்து குடுத்திருக்கேன் பாப்பா," என்று அந்த அம்மாள் சொன்னதை மாணவி தன் களக்குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறாள்.

5. ஸ்பேனர் தாமாகவே விட்டுவிட நினைத்தவர். மூன்று முறை விட்டுப் பார்த்து மூன்று முறையும் தோற்றவர். ஏன் என்று மாணவி கேட்டதற்கு அவர் அளித்த பதில்தான் எங்கள் களப்பணி முழுவதையும் மாற்றியது. பகலில் பட்டறையில் ஒரு சிரமமும் இல்லை, வீட்டிலும் இல்லை. வேலை முடிந்து மாலை ஆறு நாற்பதுக்குப் பட்டறையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது வழியில் பழைய சாமான் கடை மூலை வருகிறது. அங்கே மாத்திரை விற்பவர் நிற்கிறார். "அந்த மூலையைத் தாண்டறதுதாங்க என் நோயே. அதைத் தாண்டிட்டேன்னா அன்னிக்குப் பொழைச்சேன்," என்றார்.

6. மாணவி வகுப்பில் வந்து இதைச் சொன்னபோது நான் பாடநூலைப் புரட்டினேன். அவள் புரட்டவில்லை. "மிஸ், அவ்வளவுதானே? யாராவது கூட நடந்தா போச்சு," என்றாள். அப்படித்தான் துணைநடை தொடங்கியது. தெருவிலிருந்து பதினெட்டுப் பேர், ஆளுக்கொரு நாள் முறை வைத்து, ஆறு நாற்பதுக்குப் பட்டறை வாசலில் நின்று, ஸ்பேனரோடு பேசிக்கொண்டே மூலையைத் தாண்டி அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் வேலை. உபதேசம் செய்யக்கூடாது, மூலையில் நிற்பவரோடு சண்டைக்குப் போகக்கூடாது என்பவை மட்டுமே விதிகள். யாருக்கு எந்த நாள் என்பதை மாணவர்கள் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினார்கள்: பெயர், முகவரி, தொலைபேசி எண், கிழமை, நேரம், 'பட்டறை முதல் வீடு வரை'. ஒவ்வொருவரும் தம் பெயருக்கு நேரே கையெழுத்திட்டார்கள். ஸ்பேனரையும் சேர்த்துப் பத்தொன்பது பெயர்; அவர் பெயர் முதலில். அவர் ஒப்பத்துக்கு அடியில், "என் மகனுக்காகச் சம்மதிக்கிறேன்" என்று தாயார் எழுதி ஒப்பமிட்டார்.

7. ஐயா, கையெழுத்து வாங்கும் வழக்கம் என்னுடையது. மாணவர்கள் களத்துக்குப் போகாமல் வேறெங்காவது உட்கார்ந்து கதை எழுதிவிட்டு வருகிறார்கள் என்பதற்காக, சந்தித்த ஒவ்வொருவரிடமும் பெயர், முகவரி, ஒப்பம் வாங்கி வர வேண்டும் என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் நான்தான் விதி போட்டேன். ஒப்பம் இல்லாத பக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. மாணவர்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கிக்கொண்டேன்.

8. துணைநடை ஏழு மாதம் நடந்தது. ஒரு நாள்கூட ஆள் வராமல் போகவில்லை. ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் புதன்கிழமைகளில் வருவார். மூலை நெருங்கியதும், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று பழைய குரலில் கத்துவார். ஸ்பேனருக்குச் சிரிப்புத் தாங்காது. சலூன் கடைக்காரர் முறை வரும் நாள் பற்றி ஸ்பேனர் என்னிடமே சொன்னார்: "அவரு கூட வந்தா மாத்திரை வாங்க ஏதுங்க நேரம், ஊங் கொட்டவே வாய் பத்தல." மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் பணி முடிந்து சீருடையோடே நேராக வந்துவிடுவார். இந்த ஏழு மாதமும் ஸ்பேனர் ஒரு மாத்திரையும் தொடவில்லை. இதை நான் நம்பிக்கையின் பேரில் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை செய்த பரிசோதனை முடிவுகள் அறிக்கையில் இருக்கின்றன. இணைப்பு ஐந்து. அந்த இணைப்பை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

9. டிசம்பரில் தாங்கள் எங்கள் கல்லூரி அரங்குக்கு வந்து உறுதிமொழி எடுக்க வைத்தது தங்களுக்கு நினைவிருக்கலாம். எழுநூறு மாணவர்கள் கை நீட்டி உறுதி எடுத்தார்கள். அன்று மேடையிலேயே எங்கள் களப்பணி பற்றி முதல்வர் தங்களிடம் சொன்னார். தாங்கள் மகிழ்ந்து, ஜனவரி இறுதிக்குள் முழு அறிக்கை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று கேட்டீர்கள். மாணவர்கள் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. நானும்தான். என் பதினோரு ஆண்டுப் பணியில் மேலதிகாரி ஒருவர் என் வகுப்பைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் முறை.

10. தவறு நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கையைத் தங்கள் அலுவலக இணையதளத்தில்தான் ஏற்ற வேண்டும். அதில் இணைப்பு மூன்று என்பது 'அடையாளம் காணப்பட்ட நபர்கள்'. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. எங்கள் மாணவர்கள் விற்பவர் எவர் பெயரையும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று நானே கற்பித்திருந்தேன். மூலை இருக்கும் இடத்தை மட்டும் இணைப்பு இரண்டில் வரைபடமாகக் குறித்திருந்தார்கள். கடைசி நாள், மாலை நான்கு மணி. எங்கள் அலுவலக உதவியாளர் பொறுமையான மனிதர். எட்டு முறை முயன்றிருக்கிறார். எட்டு முறையும் படிவம் சிவப்பாக நின்றுவிட்டது. பெயர் கேட்டால் பெயர் கொடுப்போம் என்று, காகிதக் கட்டுக்குள் பெயர்களோடு இருந்த ஒரே தாளை எடுத்து அதில் ஏற்றிவிட்டார். அது துணைநடை முறைப் பட்டியல். படிவம் நகர்ந்தது.

11. அச்சிட்ட நகலில் துறை சார்பாக நான் ஒப்பமிட வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு பக்கம். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உதவியாளர் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தையும் தூக்கிக் காட்டினார், நான் போட்டுக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தையும் திருப்பிப் படிக்கவில்லை. மாணவனின் குறிப்பேட்டில் ஒப்பம் சற்று மங்கலாக இருந்தாலே திருப்பி அனுப்பும் நான், பத்தொன்பது பேரின் வாழ்க்கைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்கு என்மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று மூன்று மனுவிலும் எழுதினேன். அதையும் யாரும் எடுக்கவில்லை.

12. பிப்ரவரி ஒன்பதாம் நாள் காலை பத்தொன்பது பேரும் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பெயர், கிழமை, நேரம், 'பட்டறை முதல் வீடு வரை' என்று எழுதியிருந்த தாள், விசாரித்த அலுவலருக்குச் சரக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால அட்டவணையாகத் தெரிந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மனிதர்கள் சும்மா கூட நடப்பதற்காக அட்டவணை போட்டுக் கையெழுத்து இடுவார்கள் என்று யாருக்குத்தான் தோன்றும்? பதினெட்டுப் பேரை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள், கைரேகையும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு. அறுபத்தேழு வயது நடத்துநர் ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லையாம். "முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழிச்சேம்மா. ஒருத்தன் என்னை அப்படிப் பார்த்ததில்ல," என்றார் என்னிடம். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

13. ஸ்பேனரை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அறிக்கையோடு சேர்ந்து போன களக்குறிப்பேட்டில் தம் கதையை அவரே சொல்லி எழுத வைத்திருந்ததும், தாயார் சம்மதம் என்று எழுதி ஒப்பமிட்டதும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அவர் வேலை பார்த்த பட்டறைக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போயிற்று. பட்டறை முதலாளியை நான் சென்று பார்த்தேன். "தங்கமான கைங்க அவனுக்கு. ஆனா கவர்மெண்டு லெட்டர் வந்தப்புறம் நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவரும் பட்டியலில் பதினோராவது பெயர்.

14. ஒன்பது நாள் கழித்து வெளியே வந்த ஸ்பேனர், மறுநாள் புதன்கிழமை மாலை, தம் கருவிப் பெட்டியை எடுத்து வரப் பட்டறைக்குச் சென்றார். எடுத்துக்கொண்டு ஆறு நாற்பதுக்கு வாசலில் வந்து நின்றார். வேலை போய்விட்டது, நிற்க வேண்டிய அவசியம் இல்லை; ஆனாலும் நின்றார். ஏழரை மணி வரை பெட்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்று யாரும் வரவில்லை. வருவார்கள் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? சேர்ந்து நடந்ததற்காகப் புகைப்படம் எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். பிறகு அவர் தனியாக நடந்தார்.

15. அந்த மாலை நான் எங்கே இருந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். கல்லூரியில் இருந்தேன், துறைக் கூட்டத்தில். நடந்தே பத்து நிமிடத் தூரம். துணைநடைப் பட்டியலில் என் பெயர் இல்லை. மாணவர் பெயரும் இல்லை. பொறுப்பைச் சமூகமே ஏற்க வேண்டும், கற்பிப்பவர் விலகி நிற்க வேண்டும் என்பது பாடம். பாடத்தின்படி விலகி நின்றேன். நான் போய் நின்றிருக்கலாம் ஐயா. எந்த விதியும் என்னைத் தடுத்திருக்காது. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எட்டு வாரமாக இதை நினைக்காமல் நான் ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

16. மூலையில் நிற்பவர் இன்றும் அங்கேயே நிற்கிறார். அவரைப் பற்றி ஏன் விசாரிக்கவில்லை என்று தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் பணிவோடு கேட்டேன். "இணைப்பு ரெண்டுல பேரே இல்லையேம்மா. பேர் இல்லாம எப்படி ஆக்‌ஷன் எடுக்கறது," என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டேன். அலமாரியைத் திறந்து இரண்டு கட்டுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, "சேர்க்கறதுக்குப் படிவம் இருக்குங்க. நீக்கறதுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல," என்றார். இப்படிக் கேட்ட முதல் ஆள் என்ற பெருமை எனக்கு.

17. இப்போது ஸ்பேனரின் நிலை. மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். முன்பு தின்றதைவிட அதிகம். இரண்டு முறை நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டாம் முறை மூச்சே நின்று, பட்டியலில் ஏழாம் பெயரான அதே செவிலியர்தான் மீட்டார். இன்னொரு முறை இப்படி ஆனால் உயிர் தங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தாயார் தையல் இயந்திரத்தை வாசற்கதவோடு ஒட்டிப் போட்டு, அதன்முன் உட்கார்ந்து தைக்கிறார். வெளியே போக வேண்டுமென்றால் மகன் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். துணி கொடுக்க வருபவர்கள் சன்னல் வழியாகக் கொடுக்கிறார்கள். எப்போது தூங்குகிறார் என்று கேட்டேன். "அவன் தூங்கறப்ப," என்றார்.

18. மீட்பு இல்லத்தில் இடம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் நல்லவர். ஆனால் சேர்க்கைப் படிவத்தின் பதினோராம் கேள்வி, சம்பந்தப்பட்டவரின் பெயர் தங்கள் அலுவலகப் பட்டியலில் உள்ளதா என்று கேட்கிறது. உள்ளது என்றால் தங்கள் தடையின்மைச் சான்று வேண்டும். "பெட் இருக்கு மேடம், பேப்பர்தான் இல்ல. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் எப்படியாவது பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்," என்றார் மருத்துவர். போதையோடு தொடர்புடையவர் என்று பட்டியலில் இருப்பதால், போதையிலிருந்து மீட்கும் இல்லத்தில் சேர முடியாது. நான் இதை எந்த வகுப்பில் எப்படி விளக்குவேன் என்று தெரியவில்லை.

19. விளக்க வேண்டிய அவசியம் வரவும் இல்லை. துணைநடையை யோசித்த அந்த மாணவி பாடத்தை மாற்றிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விட்டாள். போகுமுன் துறை அறை வாசலில் நின்று, "மிஸ், நாம அந்தத் தெருவுக்குப் போகாமலே இருந்திருந்தா அவர் நல்லா இருந்திருப்பாரா?" என்று கேட்டாள். அவர் மாத்திரையோடு இருந்திருப்பார், ஆனால் வேலையோடும் இருந்திருப்பார். பட்டியலில் இல்லாததால் என்றாவது மீட்பு இல்லத்தில் சேர்ந்துமிருப்பார். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. இந்தப் பருவத் தேர்வில் பல்கலைக்கழகம் கேட்ட கேள்வி: 'போதைத் தடுப்பில் சமூகப் பங்கேற்பின் நன்மைகளை விவரி.' பத்து மதிப்பெண். மற்ற இருபத்தொரு பேரும் மிக அழகாக எழுதியிருக்கிறார்கள். திருத்துகிறவள் நான். முழு மதிப்பெண் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை, எழுதியது எல்லாமே சரி.

20. இம்மனு ஏற்கப்பட வேண்டுமானால், பாதிக்கப்பட்டவரோ இரத்த உறவினரோ ஒப்பமிட வேண்டும் என்று பார்வை ஒன்றுக்கான பதிலில் சொல்லப்பட்டிருந்தது. சென்ற வாரம் ஸ்பேனரை நானே அழைத்து வந்தேன். தங்கள் அலுவலக முகப்பில் அவர் கையெழுத்திட்டார். கை நடுங்கியதால், கோப்பில் உள்ள பழைய ஒப்பத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தப் பழைய ஒப்பம், அவர் நலமாக இருந்த ஏழு மாதத்தில் துணைநடைத் தாளில் போட்டது.

21. எனவே நேற்று மாலை இம்மனுவின் வரைவை எடுத்துக்கொண்டு தாயாரிடம் சென்றேன். வாசிக்கச் சொன்னார். சன்னலுக்கு வெளியே நின்று வாசித்தேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். ஓர் இடத்தில் மட்டும் திருத்தினார்: மணிக்கட்டு முறிந்ததை நான் இடக்கை என்று எழுதியிருந்தேன், வலக்கை என்றார். இப்போது சரிசெய்துவிட்டேன், எந்தக் கை என்பதையே எடுத்துவிட்டேன். பிறகு பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

22. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி என்பதை எடுத்துச் சொன்னேன். அவர் ஒப்பம் இல்லாவிட்டால் இது நான்காவது முறையும் திரும்பி வரும் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க நல்லவங்க டீச்சர், எனக்குத் தெரியும்," என்றார். "என் புள்ளைக்காகன்னுதான் அன்னிக்கும் போட்டேன். அவனை வந்து தூக்கிட்டுப் போறப்ப அதைத்தான் என் முகத்துக்கு நேரா காட்டுனாங்க. நீ போட்டதுதானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். இனிமே என் கை எந்தப் பேப்பரையும் தொடாது. இங்கயே உக்காந்து பாத்துக்கறேன். என்னால ஆனது இதுதான்." சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார். உள்ளே, அவருக்குப் பின்னால், ஸ்பேனர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

23. ஆகவே ஐயா, விதிப்படி இம்மனு செல்லாது என்பதை அறிந்தே தருகிறேன். கேட்பது இவை மட்டும்: வரிசை எண் ஒன்றை நீக்குங்கள். நீக்கப் படிவம் இல்லையென்றால், தடையின்மைச் சான்று ஒன்றை, ஒரு வரி போதும், எழுதிக் கொடுங்கள். அதுவும் இயலாது என்றால், இயலாது என்பதையாவது தங்கள் கையொப்பத்தோடு எழுதிக் கொடுங்கள். அதைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி இன்னும் ஒரு நாள் கேட்டுப் பார்க்கிறேன். மற்றப் பதினெட்டுப் பேருக்காக நான் இப்போது எதுவும் கேட்கவில்லை. அவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டதும் அதுதான், தங்கள் பெயரை இனி எங்கும் எடுக்க வேண்டாம் என்று.

24. நாளை நண்பகல் வரை இந்த அலுவலக வரவேற்பறையில் காத்திருப்பேன். அழைத்தால் உடனே மேலே வருகிறேன். தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்பும், படித்திருந்தால் நன்றியும்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
உதவிப் பேராசிரியர், சமூகப்பணித் துறை

இடம்: போதைப்பொருள் தடுப்பு அலுவலகம், கீழ்த்தளம்
நாள்: ஏப்ரல் 17, வியாழக்கிழமை, முற்பகல் 10.20

பாதிக்கப்பட்டவர் அல்லது இரத்த உறவினர் ஒப்பம்: